ஹாருஸ் என்ற சொல்

1

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் ஊரிலிருந்து போன் வந்தது. பேசியவர் எங்கள் தெருக்காரர்தான். சலாம் சொன்னார். குர்பானிக் கறி பங்கு வைத்த கதையைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சாகுலு, ஒன்னையத்தான் கேக்கணும்னு இருந்தேன். எம் மச்சானுக்குக் கிட்னி போச்சு. மாத்தணும்ங்குறாங்க. இது மார்க்கத்துல கூடுமா, கூடாதா?"

"பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேளுங்க" என்றேன்.

"ஹஜ்ரத்துமாரு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கப்பா. நீ மாத்திக்கிட்டவன். நீ யாருகிட்ட கேட்டு, எப்பிடி முடிவு பண்ணுனே? அதைச் சொல்லு."

கடையில் கூட்டம் என்று சொல்லி வைத்துவிட்டேன். கூட்டம் இல்லை.

எனக்குப் பேச வராது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுபோனது. ஊர் ஜமாஅத் மலருக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதுங்கள் என்று வருடா வருடம் கேட்பார்கள். இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். கேட்டவருக்கு இதில் பதில் இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

2

பினாங்கில், ஜார்ஜ் டவுனில், நாசி கண்டார் என்னும் சோற்றுக்கடை ஒன்றில் தண்ணி கலக்குகிறேன். ஊரில் தண்ணி என்றால் வேறு அர்த்தம் வரும். இங்கே தேத்தண்ணி, கோப்பி, எலுமிச்சைச் சாறு எல்லாமே தண்ணிதான். மீசை அரும்பிய வயதில் வந்தேன். இப்போது மீசை வெள்ளை.

மலாய் யாரும் சொல்லித்தரவில்லை. கடையில் நின்று காதால் பொறுக்கியதுதான். வந்த புதிதில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. அதில் 'ஹாருஸ் பாயார்' என்று எழுதியிருந்தது. நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் மலாய் அதுதான். பாயார் என்றால் காசு கொடுப்பது என்று தெரியும். ஹாருஸ் என்றால் என்ன என்று சோறு போடுகிறவரைக் கேட்டேன்.

"கட்டாயம்னு அர்த்தம் தம்பி. தின்னுட்டுக் குடுக்காம போவ முடியாதுல்ல, அதான்" என்றார்.

அது மண்டையில் உட்கார்ந்துவிட்டது.

சொல் விஷயத்தில் நான் முன்பும் விழுந்திருக்கிறேன். கிட்னி கெட்டுவிட்டது என்று டாக்டர் முதலில் சொன்னபோது மலாயில் 'புவா பிங்காங்' என்றார். புவா என்றால் பழம். பிங்காங் என்றால் இடுப்பு. எனக்கு அப்படித்தான் விளங்கியது. அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டு, "காக்கா, எனக்கு இடுப்புப் பழம் கெட்டுப்போச்சாம்" என்றேன்.

காக்கா என் மூத்த அண்ணன், பொறுமைசாலி. "அந்தக் கண்ட பழத்தையெல்லாம் நீ ஏன்டா வாங்கித் தின்னே?" என்று கேட்டார்.

3

ரத்தம் கழுவுவது என்பார்கள் இங்கே. துணி கழுவுவது போல. கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும். இயந்திரம் கழுவும். மற்றொன்றின் வழியாகத் திரும்பி வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ச் சாய்ந்து கிடப்பேன்.

அங்கே என் பெயர் மொய்தீன். அது என் வாப்பா பெயர். பாஸ்போர்ட்டில் வாப்பா பெயர் முன்னால் ஏறிவிட்டது. அதைப் பார்த்து இந்த நாட்டு அடையாள அட்டையிலும் அப்படியே ஏற்றிவிட்டார்கள். தாதி "மொய்தீன்!" என்று கூப்பிடுவாள். மௌத்தாகிப்போன வாப்பாவுக்காக நான் எழுந்துபோய்க் கையை நீட்டுவேன்.

சிறுநீர் நின்றுவிட்டது. குடித்தால் உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும். மூச்சு முட்டும். ஆகையால் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் தண்ணி கலக்குகிறவன் வாயில் ஒரு ஐஸ் கட்டியை ஒதுக்கிக்கொண்டு நின்றேன். தே ஆற்றும்போது வரும் சத்தத்தைக் கேட்கக் கூடாது என்று இருக்கும். அதைக் கேட்காமல் எப்படி ஆற்றுவது?

தொழுகைக்குக் கை, கால், முகம் கழுவும் ஒலு, சிறுநீர் கழித்தால் முறியும். எனக்கு அது முறிவதும் குறைந்துவிட்டது. மதியம் லுஹருக்குச் செய்த ஒலுவில் இரவு இஷாவரை தொழுதுவிடலாம். "யாருக்குங்க கிடைக்கும் இந்தப் பாக்கியம்" என்று என் மனைவி மைமூன் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அழுதாள். அவள் இங்கே சுங்கை பினாங்கில் பிறந்தவள். சர்க்கரை நோய்க்காரி. அவள் கொடுக்க முடியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

பக்கத்து நாற்காலியில் அந்தோணி அண்ணன். பட்டர்வொர்த்துக்காரர். ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிட்னிக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார். இன்னும் காத்திருக்கிறார்.

4

எங்களுக்கு ஒரே மகள். நூருல். பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மலாய்ப் பள்ளியில் படித்தாள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. மலாயில் சிரிப்பாள். ஆங்கிலத்தில் கோபப்படுவாள். எங்களிடம் தமிழில் சாப்பாடு கேட்பாள். நமக்கு மிஞ்சியது அந்தச் சாப்பாட்டுத் தமிழ்தான் என்பாள் மைமூன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு தின்னும்போது நூருல் சொன்னாள்.

"வாப்பா, என் பிளட் உங்க பிளட்டோட சேருதாம். கேட்டுட்டேன். ஒரு கிட்னி நான் தரேன்."

மைமூன் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னாடி பேசுற? பசார்ல கத்திரிக்கா வாங்குற மாரி பேசுற?"

"ஒண்ணு இருந்தா போதும் மா. டாக்டரே சொல்றாரு."

"கல்யாணம் ஆவாத பொண்ணு நீ. நாளைக்கு மாப்ள ஊட்டுல வந்து கேட்டா? ஒண்ணு கொறையுதுன்னு சொல்லவா?"

"அப்பிடிக் கேக்குற மாப்ள வேணாம் லா."

நான் வேண்டாம் என்றேன்.

"ஏன் வாப்பா?"

"மார்க்கத்துல கூடாது" என்றேன். தெரிந்து சொல்லவில்லை. வாயில் வந்தது.

"யாரு சொன்னா?"

"கேக்கணும்."

"அப்ப கேளுங்க" என்று எழுந்து கை கழுவப் போனாள்.

காக்காவிடம் கேட்டேன். வாட்ஸப்பில் குரல் அனுப்பினார். "உடம்பு அல்லாஹ் குடுத்த அமானிதம்டா தம்பி. நம்ம சொத்து இல்லை. எரவலா வாங்குன சட்டியை அடுத்த வூட்டுக்குத் தூக்கிக் குடுக்க நமக்கு உரிமை உண்டா? ஹஜ்ரத் கூடாதுங்குறாரு."

சரி, முடிந்தது என்று இருந்தேன். மறுநாள் இன்னொரு குரல். "தம்பி, பக்கத்து ஊரு ஹஜ்ரத்தையும் ஒரு வார்த்தை கேட்டேன். உசுருக்கு ஆபத்துன்னா கூடும்ங்குறாரு. விக்கக் கூடாது, வாங்கக் கூடாது. குடுக்குற ஆளுக்குக் கேடு வரக் கூடாது. மனசாரக் குடுக்கணும். அப்பிடின்னா கூடுமாம். நீ பாத்துக்க."

நான் எதைப் பார்ப்பது?

அமானிதம் என்றால் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். என்னிடம் கொடுத்த இரண்டையும் நான் கெடுத்துவிட்டேன். இப்போது அவளிடம் கொடுத்ததில் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டால், யாருடைய கணக்கில் யார் பதில் சொல்வது? அவள் கொடுக்காமல் நான் மௌத்தானால், அவள் பதில் சொல்ல வேண்டி வருமா? ஊசி ஏறிய கையோடு படுத்து இதையே நினைப்பேன். தலை சுற்றும். தாதி வந்து பிரஷர் பார்ப்பாள்.

அந்தோணி அண்ணன் பொறுக்கமாட்டார். "டேய் சாகுலு, ஒம் மவ குடுக்கறேங்கறா. நீ பள்ளிவாசல் பள்ளிவாசலா அலையற. எனக்கு எங்கூட்டுப் பூனைகூட குடுக்கல லா."

"உங்க சாமியாரு என்னண்ணே சொல்றாரு?"

"குடுத்தா பெரிய புண்ணியம்ங்கறாரு. எவன் குடுக்கறான்? இருக்கற புண்ணியமே போதும்னு எல்லாரும் திருப்தியா இருக்கானுங்க."

5

ரத்தம் கழுவும் இடத்துக்கு நோன்புக்கு முன்னால் ஓர் உஸ்தாஸ் வந்தார். மார்க்கம் படித்த ஆலிம்களை இங்கே உஸ்தாஸ் என்பார்கள். சின்ன வயது. நோயாளிகள் நோன்பு பிடிப்பது பற்றிப் பேசினார். பேசி முடித்ததும் நாற்காலி நாற்காலியாக வந்து சலாம் கொடுத்தார். அன்றைக்கு நூருல் என்னைக் கூட்டிப்போக வந்து பக்கத்தில் நின்றாள்.

எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். மகள் கிட்னி தருகிறேன் என்கிறாள். வாங்கலாமா? மார்க்கம் என்ன சொல்கிறது?

உஸ்தாஸ் குனிந்து என் தோளில் கை வைத்தார். "ஹாருஸ், பாக்சிக்" என்றார். பாக்சிக் என்றால் சித்தப்பா, பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஹாருஸ்?"

"ஹாருஸ். கொடுப்பதும் ஹாருஸ். வாங்குவதும் ஹாருஸ்." பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். விற்பனை கூடாது, கேடு கூடாது, மனசம்மதம் வேண்டும். ஊர் ஹஜ்ரத் சொன்ன அதே நிபந்தனைகள்.

நான் நூருலைப் பார்த்தேன். அவள் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கல்லாவுக்கு மேலே தொங்கிய பலகை கண்ணில் வந்தது. கட்டாயம். கொடுக்காமல் போக முடியாது. வாங்காமலும் போக முடியாது.

மனசு லேசானது. அதை மறைப்பானேன். கட்டாயம் என்றால் நான் ஆசைப்பட்டதாக ஆகாது. விடிகாலை சுபுஹு தொழுகிறவனிடம் ஆசைப்பட்டா தொழுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்து மைமூனிடம் சொன்னேன். "கட்டாயமாம். உஸ்தாஸ் சொல்லிட்டாரு."

"கட்டாயமா? அப்பறம் ஊர்ல ஏன் கூடாதுன்னாங்க?"

"ஊரு வேற, இது வேற நாடு."

"அல்லாஹ் ஒருத்தன்தானேங்க" என்றாள்.

நூருல் அடுப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள்.

6

காகிதமும் பரிசோதனையுமாக ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது.

பரிசோதனையில் தடையில்லை. பெயரில்தான் தடை. நூருலின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் சாகுல் ஹமீது. கிட்னி வாங்குகிறவன் பெயர் மொய்தீன். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தப் பெண் உங்களுக்கு என்ன உறவு?"

"மகள்."

"மகள் என்றால் தகப்பன் வேறு ஆளாக இருக்கிறாரே?"

கிட்னியை விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் துருவித்தான் பார்ப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் வாப்பா பெயர் முன்னால் வரும் வழக்கத்தை எப்படி விளங்கவைப்பது? மைமூன் நூருலின் மூக்கையும் என் மூக்கையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினாள். அதிகாரி சிரித்துவிட்டார். மூக்கு செல்லாது, சத்தியப் பத்திரம் கொண்டுவாருங்கள் என்றார். என் மகள் என் மகள்தான் என்று சத்தியம் செய்து முத்திரை வாங்கினேன்.

அறுவை கோலாலம்பூரில். அதற்கு முன்னால் அங்கே நூருலைத் தனி அறையில் வைத்து நெடுநேரம் கேட்டார்கள். யாராவது வற்புறுத்தினார்களா? பயம் காட்டினார்களா? மனசாரத்தான் தருகிறாயா? கடைசி நிமிஷத்தில் வேண்டாம் என்றாலும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, தெரியுமா?

வெளியே வந்து, "ஒரே கேள்விய எத்தனை வாட்டிதான் கேப்பாங்க, பசிக்கிது லா" என்றாள்.

என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கொடுக்கிறவரைத்தானே வற்புறுத்துவார்கள். வாங்குகிறவனை யார் வற்புறுத்தப் போகிறார்கள்?

7

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு மூன்று நாள் இருந்தது. பெருநாள் முடிந்து மறுவாரம் அறுவை. அந்தோணி அண்ணனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வரலாம் என்று பட்டர்வொர்த் போனேன். திரும்பும்போது நூருல் தன் காரில் கூட்டிப்போகிறேன் என்றாள். பிறையில் அவள் தொழிற்சாலைக்கு எதிரே ஒரு சூராவ் இருக்கிறது. சின்னத் தொழுகைக்கூடம். அந்தி மஃரிபுத் தொழுகைக்கு அங்கே போனேன்.

இத்தனை வருடமும் நான் தமிழில் பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, நடக்கும் பள்ளிக்கே போய்ப் பழகியவன். மலாய் பயான் என்றால் தொழுதவுடன் எழுந்துவிடுவேன். அன்றைக்கு நூருல் வரும்வரை வேறு வேலை இல்லை. உட்கார்ந்தேன். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொழிற்சாலை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கே பேசிய உஸ்தாஸ் வேறு ஆள், வயசானவர். மனிதன் செய்வதெல்லாம் மார்க்கத்தில் ஐந்து வகை என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டு வந்தார். வாஜிப். சூனாட். ஹாருஸ். அந்த விரலை மடக்கும்போது, "கோப்பி குடிப்பது மாதிரி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரை மெதுவாக இடித்து மலாயில் கேட்டேன். "கோப்பி கட்டாயமா? அப்போ தே குடிக்கிறவன் என்ன செய்வது?"

அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா, அதை உரக்கச் சொல்லி உஸ்தாஸிடமே கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. உஸ்தாஸும் சிரித்தார்.

"தேயும் ஹாருஸ்தான் பாக்சிக். தே தாரிக் இன்னும் கூடுதல் ஹாருஸ்."

தே தாரிக் என்றால் நான் கடையில் ஆற்றுகிற பால் தேத்தண்ணி. நானும் சிரித்தேன். அவர் சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்தே விளக்கினார். "புவாட் பூன் தாப்பா, தா புவாட் பூன் தாப்பா." செய்தாலும் பரவாயில்லை, செய்யாவிட்டாலும் பரவாயில்லை. செய்தால் பாவமில்லை. விட்டாலும் பாவமில்லை. அவரவர் விருப்பம். அதுதான் ஹாருஸ். செய்தே தீர வேண்டும் என்றால் அது வாஜிப்.

பலகையில் ஹாருஸ் என்றால் கட்டாயம். மார்க்கத்தில் ஹாருஸ் என்றால் கட்டாயம் இல்லை. ஒரே சொல். ஊர் மதரஸாவில் முபாஹ் என்று ஓதிக்கொடுத்தது இதைத்தான். கூடும் என்போமே, அது. அந்தச் சின்ன உஸ்தாஸ் வாஜிப் என்ற சொல்லை அன்றைக்கு வாயில் எடுக்கவே இல்லை.

பயான் முடிந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் போகும்போது, "தே குடிக்க மறக்காதீங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

8

நூருல் பள்ளியில் மார்க்கப் பாடம் படித்தவள். இந்த ஐந்தும் சின்ன வகுப்பிலேயே வந்துவிடும். அந்தப் பாடத்தில் பரிசு வாங்கிய கோப்பை எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மைமூன் பெருநாளுக்குப் பெருநாள் துடைத்து வைப்பாள்.

அப்படியென்றால் சின்ன உஸ்தாஸ் வந்த அன்றைக்கே அவளுக்குத் தெரியும். நான் தப்பாக விளங்கியதும் தெரியும். வீட்டில் நான் கட்டாயம் என்று சொன்னபோது அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், திருத்தவில்லை.

கார் பினாங்குத் தீவுக்குப் போகும் கடல் பாலத்தில் ஏறியது. கடல் இருட்டிக்கொண்டு வந்தது. முன்னால் ஒரு லாரி.

"என்னா வாப்பா சைலண்ட்டா வர்றீங்க?"

"எப்பவும் இப்பிடித்தானே."

"அதுவும் சரிதான்."

கார் லாரிக்குப் பின்னாலேயே போனது.

"நூரு."

"ம்."

"அந்த உஸ்தாஸ் அன்னைக்கு சொன்னது. கட்டாயம்தானே?"

அவள் சிக்னல் விளக்கைப் போட்டாள். லாரியைத் தாண்டினாள். விளக்கை அணைத்தாள்.

"ஹாருஸ்னு சொன்னாரு வாப்பா" என்றாள்.

"ஹாருஸ்" என்றேன்.

"ஹாருஸ்" என்றாள். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். அவள் சொன்னதில் பொய் இல்லை. உஸ்தாஸ் சொன்ன சொல்லை அப்படியே சொன்னாள். நான் சொன்னதிலும் பொய் இல்லை. சரி என்றுதான் சொன்னேன்.

இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள். சொன்னால் அடுத்து நான் பேச வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அல்லது வேண்டும் என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீரை நின்று நிதானமாகக் குடிக்க வேண்டும். சாகப் பிடிக்கவில்லை. ஆனால் மகள் முகத்தைப் பார்த்து, உன் உடம்பிலிருந்து ஒன்று எனக்கு வேண்டும், கொடு என்று ஒரு தகப்பன் எப்படிச் சொல்வான்? அந்தச் சொல் நடுவில் கிடந்தது. அது கிடக்கும்வரை நான் கேட்க வேண்டியதில்லை. அவள் கெஞ்ச வேண்டியதில்லை. அதை எடுக்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை.

மனசம்மதம் வேண்டும் என்பது நிபந்தனை. அவளுக்கு இருந்தது. எனக்கு இருந்ததா? இருந்தது. அதை வெளியே சொல்லாமல் வாங்கினால் அது சம்மதம் ஆகுமா? யாரிடம் கேட்பது?

9

பெருநாள் பயானில் இப்ராஹீம் நபி கதை சொன்னார்கள். வருடா வருடம் கேட்பதுதான். மகனை அறுக்கச் சொல்லி வந்த கனவை வாப்பா சொல்கிறார். மகன், உங்களுக்கு ஏவப்பட்டதைச் செய்யுங்கள் என்கிறார். கத்தி வைக்கும் நேரத்தில் ஆடு வருகிறது. அங்கே வாப்பாவுக்குக் கட்டளை இருந்தது. எனக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்களுக்கு ஆடு வரவில்லை. மறுவாரம் கோலாலம்பூர் போனோம்.

அறுவைக்கு முன் டாக்டரிடம் ஒன்று கேட்டேன். சீனப் பெண். என் பழைய இரண்டையும் எடுத்த பிறகு என்னிடம் கொடுப்பீர்களா, எங்கள் மார்க்கத்தில் உடம்பிலிருந்து எடுத்ததை மண்ணில் அடக்க வேண்டும் என்றேன். அவர், "எதையும் எடுக்க மாட்டோம் அங்கிள். அது பாட்டுக்கு இருக்கும். புதுசை முன்னால், அடிவயிற்றில் வைப்போம்" என்றார். எனக்குள் இப்போது மூன்று இருக்கிறது. இரண்டு செத்தது, ஒன்று உயிரோடு.

நூருல் முதலில் எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்து என் கட்டிலுக்கு வந்தாள்.

"வேலை செய்யுதா என் கிட்னி?"

"செய்யுது."

"நல்லா பாத்துக்குங்க. வாரண்டி கெடையாது."

சிரிக்கப் பார்த்தாள். தையல் இழுத்தது. நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

குழாயை எடுத்த பிறகு நானே எழுந்து கழிப்பறைக்குப் போனேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்தது. ஒலு முறிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஒலு முறிந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்னவன் நானாகத்தான் இருப்பேன்.

அவளுக்குக் கேடு வரவில்லை என்கிறார் டாக்டர். வருடத்துக்கொரு முறை பார்க்கிறார்கள். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று சம்பந்தம் பேச வந்தது. விஷயம் தெரிந்ததும் நின்றுவிட்டது. மைமூன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நூருல், "தாப்பா மா" என்றாள். பரவாயில்லை என்றாள். டாக்டர் சொன்ன கேடு வேறு, இந்தக் கேடு வேறா? நிபந்தனையில் எந்தக் கேட்டைச் சொன்னார்கள்?

சுஜூதில், நெற்றியைத் தரையில் வைக்கக் குனியும்போது அது தெரிகிறது. அடிவயிற்றில் சின்னதாக ஒரு மேடு, தொடையில் அழுந்தும். கியாமத் என்னும் இறுதித் தீர்ப்பு நாளில் கை பேசும், கால் பேசும் என்று ஓதியிருக்கிறோம். ஒவ்வொன்றும் தன் ஆள் செய்ததைச் சொல்லும். இது அவளோடு பிறந்தது. என்னோடு மண்ணுக்குப் போகும். யாரைப் பற்றிப் பேசும்? பாலத்தில் இது அவள் பக்கம் இருந்தது. அவள் சொன்னதையும் கேட்டது, நான் சொன்னதையும் கேட்டது.

10

ஊரிலிருந்து கேட்டவருக்கு நான் திரும்பப் போன் செய்யவில்லை. என்ன சொல்வது? நானும் கேட்டேன். பதில் கிடைத்தது. பதில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு விளங்காத மாதிரி இருந்துவிட்டேன். இதைப் போனில் சொன்னால் மனுஷன் குழம்பிப் போவார். அவர் மச்சானுக்குக் கூடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கூடும் என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அங்கே அது சும்மா இருக்காது. யாராவது ஒருவர் வாயைத் திறந்து வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். அதை ஹஜ்ரத் சொல்ல முடியாது.

நூருலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால்தான் இதை எழுத முடிந்தது. ஊருக்கு வந்தால் யாரும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

போன் வந்த அன்றைக்குச் சாயங்காலம் வேலை முடிந்து கடைக்கு வந்தாள். இப்போது நான் அரை நாள்தான் நிற்கிறேன். கலக்குமிடத்துக்குப் பின்னால் என் தண்ணீர் பாட்டில் இருக்கும். நிறையக் குடிக்க வேண்டும் என்பது இப்போதைய உத்தரவு. குடிக்காமல் இருந்து பழகிய வாய், அடிக்கடி மறந்துவிடுகிறது.

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். "அப்பிடியே இருக்கு. காலைலேருந்து என்னா பண்ணுனீங்க?"

"கூட்டம்" என்றேன்.

"எங்க கூட்டம்? ஈதான் இருக்கு."

தானே ஒரு கிளாஸ் எடுத்தாள். கழுவினாள். விளிம்புவரை ஊற்றி என் முன்னால் நீட்டினாள்.

"குடிங்க வாப்பா. ஹாருஸ்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. எந்த ஹாருஸ் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாங்கிக் குடித்தேன்.